பேட்ஜில் பெயர் மட்டும்: குற்றாலத்து ரிசார்ட்டுக்கு வேலைக்குப் போகும் நம் ஊர்ப் பெண்கள்

ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்து ரிசார்ட் எதிலும் வரவேற்பு மேசைப் போன் அடித்தால் முதல் கேள்வி ஒன்றுதான்: "தண்ணி விழுதா?" வாடகை, சாப்பாடு, நீச்சல் குளம் எல்லாம் அதற்குப் பிறகு. கேட்பவர் மதுரையிலோ சென்னையிலோ கொல்லத்திலோ இருப்பார். பதில் சொல்கிற பெண் பெரும்பாலும் பக்கத்து ஊர்க்காரி. மேலகரம், இலஞ்சி, பாவூர்சத்திரம், கொஞ்சம் தள்ளிப் போனால் கடையம், ஆலங்குளம். இருபது, இருபத்தொரு வயது. சீருடைச் சேலை, தலையில் பூ, பெயர் எழுதிய பேட்ஜ். காலையில் வீட்டு வாசலில் பல் தேய்த்துக்கொண்டே மலையில் மேகம் எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்று பார்த்திருப்பாள். அதை வைத்தே, "ஐந்தருவியில நல்லா விழுது சார், மெயின் அருவியில கூட்டம் இருக்கும், காலையிலயே போயிருங்க" என்று சொல்லிவிடுவாள். ஊரில் ஆச்சிமார் சும்மா சொல்லும் செய்தி அது. இங்கே அதைக் கேட்டுத்தான் அறை பதிவாகிறது.

சின்ன ஊர்ப் பெண் சொகுசு விடுதிக்கு வேலைக்குப் போனால் பளபளப்பில் மயங்கிவிடுவாள் என்பது சினிமா பார்த்து வந்த எண்ணம். ஊர்ப் பெரியவர்கள் பயப்படுவதும் அதற்குத்தான். எனக்குத் தெரிந்தவரை அந்த மயக்கம் முதல் சம்பளம் வரைகூடத் தாங்குவதில்லை. ஆயிரக்கணக்கில் வாடகை கொடுத்தவர் விட்டுப்போன குளியலறையை ஒரு தடவை கழுவினால் போதும், பளபளப்பு என்பது யாரோ குனிந்து துடைத்ததால் வந்தது என்று புரிந்துவிடும். அவளை உண்மையில் வளர்த்துவிடுவது வேறொன்று. திருநெல்வேலிச் சீமையில் மரியாதை என்பது தெருவைப் பார்த்தும் தாத்தா பெயரைப் பார்த்தும் கிடைப்பது. அதே மரியாதையை ரிசார்ட்டில் பயிற்சி கொடுத்து உருவாக்குகிறார்கள், சீருடையோடு மாட்டுகிறார்கள், ஓர் இரவுக்கு இவ்வளவு என்று விலை வைத்து விற்கிறார்கள். இதை உள்ளேயிருந்து பார்த்துவிட்டவள் ஊர்க் கணக்கை அப்படியே நம்புவது கஷ்டம்.

இந்தப் பெண்கள் ஏன் இந்த வாசலுக்கு வந்தார்கள் என்பதற்குப் பின்னால் ஒரு தொழில் வரலாறு இருக்கிறது. முக்கூடல், ஆலங்குளம், கடையம், பாவூர்சத்திரம் பக்கம் ஒரு பெண் பெரியவளாவது என்றால் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றப் பழகுவது என்றே இரண்டு மூன்று தலைமுறைக்கு அர்த்தம். இலையை நனைத்து, அளவுத் தகட்டை வைத்து வெட்டி, தூள் போட்டுச் சுருட்டி, நூல் கட்டி, முனையை மடக்க வேண்டும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. சரியில்லாதவற்றைக் கடையில் கழித்துவிடுவார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில் "பீடி சுத்தத் தெரியுமா?" என்று கேட்ட காலம் வெகுதூரத்தில் இல்லை. அந்த வேலைக்குச் சட்டப் பாதுகாப்பும் இருந்தது. 1966-இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், 1976-இல் நலநிதிச் சட்டம், அதற்கடுத்த ஆண்டு பி.எஃப். என்கிற வருங்கால வைப்பு நிதி. முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கென்றே மத்திய அரசு மருத்துவமனை இருக்கிறது. இன்று ரிசார்ட்டில் நிற்கும் பெண்களில் பலர் பீடித் தொழிலாளி பிள்ளைகளுக்கான உதவித்தொகையில் படித்தவர்கள்தான்.

ஆனால் பீடி வேலை திண்ணையைத் தாண்டாது. கூலிக் கணக்கு எழுதுகிற பாஸ் புக் அம்மா பெயரில். மகள் சுற்றியதும் அம்மா கணக்கில்தான் ஏறும். கூலி வாங்கப் போவதும் அம்மாதான். பெண் சம்பாதிப்பாள், ஆனால் சம்பாதிக்கிறவள் என்று யாரும் அவளை நினைக்க மாட்டார்கள். இதற்கிடையில் தொழிலும் தேய்ந்தது. பொது இடத்தில் புகைபிடிக்க 2008-இல் தடை, 2016-இல் பீடிக் கட்டு உறையின் 85 சதவீதப் பரப்புக்கு எச்சரிக்கைப் படம், 2017-இல் பீடிக்கு 28 சதவீத ஜி.எஸ்.டி. பீடி நல்ல பொருள் என்று யாரும் வாதாட மாட்டார்கள். ஆனால் ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் பிறகு வாரத்தில் எத்தனை நாள் இலை கிடைக்கும் என்ற கேள்விதான் இந்தத் தெருக்களில் எழுந்தது.

திண்ணையைத் தாண்டிப் போன பெண்களுக்கு முதலில் கிடைத்தவை கோவை, திருப்பூர்ப் பக்கத்து நூற்பாலைகள். மூன்று வருஷம் விடுதியில் தங்கி வேலை செய்தால் கடைசியில் மொத்தமாக ஒரு தொகை, கல்யாணச் செலவுக்கு. சுமங்கலித் திட்டம் என்று பெயர். பெயரிலேயே முடிவைச் சொல்லிவிட்டார்கள். அடுத்து சென்னை தியாகராய நகர் ஜவுளிக்கடைகள். காலையிலிருந்து இரவு வரை நின்றே சேலை விரித்துக் காட்டிய பெண்களில் நம் தென்மாவட்டத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர். கடைகளில் உட்கார நாற்காலி போட வேண்டும் என்று தமிழக அரசு 2021-இல்தான் சட்டத்தைத் திருத்தியது. ஆலையோ கடையோ, பெண் வீட்டை விட்டுப் போய் விடுதிக்குள் அடைபட வேண்டியிருந்தது. ரிசார்ட் வேலையில் பலர் ராத்திரி வீட்டுக்குத் திரும்புகிறார்கள். வேறொரு உலகத்தைப் பார்த்துவிட்டு அதே தெருவில் வந்து இறங்குவதால்தான் உரசலும் அதிகம்.

குற்றாலத்தில் மட்டும் ஏன் இத்தனை ரிசார்ட்? ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று இந்தப் பக்கம் நழுவி வருகிறது. மற்ற சமவெளி காய்ந்து கிடக்கும்போது இங்கே சாரல் அடிக்கிறது. ஜூனில் தொடங்கி ஆகஸ்ட் வரை சீசன். கார்த்திகை, மார்கழியில் ஐயப்பமார் கூட்டம். 2018-இல் செங்கோட்டை–புனலூர் அகலப் பாதை முழுதாகத் திறந்தபின் ரயிலிலும் கேரளத்து ஆட்கள் வருகிறார்கள். இடைப்பட்ட மாதங்களில் திருமணம், கம்பெனிக் கூட்டம், சனி ஞாயிறு குடும்பங்கள் என்று ஓட்ட வேண்டும். அருவியில் வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனைக் கொண்டுபோன பிறகு தடை உத்தரவுகளை யாரும் இலேசாக எடுத்துக்கொள்வதில்லை. தடை என்று டி.வி.யில் ஓடிய அரை மணி நேரத்தில் முன்பதிவுகள் ரத்தாகத் தொடங்கும். பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கத்துகிறவர்களிடம் பேசுவது அதே வரவேற்பு மேசைப் பெண். மழை பெய்யாததற்கும், அதிகமாகப் பெய்ததற்கும் அவள்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

வரவேற்பு மேசை கண்ணில் படுகிற வேலை. ஆள் அதிகம் தேவைப்படுவது அறைகளைச் சுத்தம் செய்கிற ஹவுஸ்கீப்பிங்கில். கதவைத் தட்டிக் குரல் கொடுத்து, பொறுத்திருந்து, மறுபடி தட்ட வேண்டும். பதில் இல்லையென்றால்தான் மாஸ்டர் சாவி. உள்ளே போனதும் தள்ளுவண்டியை வாசலில் குறுக்கே நிறுத்திக் கதவைத் திறந்தே வைப்பாள். வேலை செய்கிறவளுக்கும் அது பாதுகாப்பு. ஆனால் பால்கனிக் கதவைச் சாத்திவிட்டுத்தான் வாசலைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் குரங்கு வந்து சர்க்கரைப் பொட்டலத்தோடு போய்விடும். பிறகு கட்டில். குற்றாலத்து விரிப்புக்கென்று தனிக் கஷ்டம் உண்டு. அருவிக்குப் போகும் முன் உடம்பெல்லாம் எண்ணெய் மசாஜ் செய்துகொள்கிற ஊர் இது. பாதி எண்ணெய் தண்ணீரில் போகும், மீதி வெள்ளை விரிப்பில் ஆள் வடிவத்தில் பதிந்திருக்கும். மங்குஸ்தான் தோலின் கறை, பிரானூர் பார்டரிலிருந்து பொட்டலம் கட்டி வந்த பரோட்டாச் சால்னா, காயப்போட்ட ஈரத்துணியிலிருந்து சொட்டிய சாயம் என்று எந்தக் கறைக்கு எது போட வேண்டும் என்பது தனிப் படிப்பு. மங்குஸ்தான் கறை மட்டும் எதற்கும் முழுசாகப் போகாது. விரிப்பின் நான்கு மூலையையும் சாய்வாக மடித்துச் செருகி, தலையணையைத் தட்டி நிறுத்தி, குளியலறைச் சல்லடையில் சிக்கிய முடியை எடுத்து, கண்ணாடியைத் துடைத்து, கடைசியில் வாசலுக்கு வந்து கொஞ்சம் குனிந்து ஒரு பார்வை. நின்று பார்த்தால் தெரியாத தூசி குனிந்தால் தெரியும். சூப்பர்வைசர் அப்படித்தான் பார்ப்பார்.

அந்த அறையில் அவள் படிப்பது கொஞ்சமல்ல. பெரிய மனிதர்கள் என்று ஊரே எழுந்து நிற்கிற ஆட்கள் குப்பைக் கூடைக்கு வெளியே குப்பை போடுவதைப் பார்க்கிறாள். சாதாரணமாகத் தெரிகிற ஒரு ரிட்டயர்டு வாத்தியார் குடும்பம் கிளம்பும்போது விரிப்பை மடித்து வைத்துவிட்டுப் போவதையும் பார்க்கிறாள். கட்டிலுக்கடியில் கிடந்த தங்கக் கம்மலை ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒப்படைக்கிறாள். பிற்பாடு "எடுத்தது இவதான்" என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்கு அந்தக் கையெழுத்துதான் காவல் என்பதையும் தெரிந்துகொள்கிறாள்.

வீட்டில் இதைச் சொல்வதில்தான் சிக்கல். "எக்கா, உம் மவ எங்க வேலைக்குப் போறா?" என்று பக்கத்து வீட்டில் கேட்டால், "ஓட்டல்ல ஆபீஸ் வேலை" என்று அம்மா முடித்துக்கொள்வாள். கக்கூஸ் கழுவுகிற வேலை என்று சொல்ல முடியாது. இந்தச் சீமையில் அது வெறும் வேலையின் பெயராக நிற்காது, சாதியின் பெயராகிவிடும். தன் வீட்டில் அந்த வேலையைத் தொட்டிராத சாதிப் பெண்ணும், தலைமுறையாக அதையே செய்யவைக்கப்பட்ட சாதிப் பெண்ணும் ஒரே சீருடையில் ஒரே தள்ளுவண்டியைத் தள்ளுகிறார்கள். ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். கூடவே அஸ்ஸாமிலிருந்தும் மணிப்பூரிலிருந்தும் வந்த பிள்ளைகள். அவர்களுக்கு நம் தெருக்களின் கணக்கு எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. ரிசார்ட்டில் சாதி இல்லை என்று சொல்ல வரவில்லை. வெளுத்த நிறமும் இங்கிலீஷும் இருந்தால் முன் மேசை, இல்லாவிட்டால் பின்கட்டு என்ற பிரிப்பில் அது வேறு உருவத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆனாலும் பேட்ஜில் பெயர் மட்டும்தான். அப்பா பெயர் இல்லை, தெரு இல்லை.

அது பொறுக்காத விருந்தினர்கள் உண்டு. எல்லோரும் உள்ளூர்ச் சாயல் தெரிந்தவர்கள்தான்.

"எந்த ஊரு பாப்பா?"

"கடையம் சார்."

"கடையத்துல எங்கன?"

"பஸ் ஸ்டாண்டு பக்கம் சார்."

பஸ் ஸ்டாண்டு பக்கம் என்றால் எதுவும் பிடிபடாது. சிரித்த முகத்தோடு இந்தப் பதிலைச் சொல்ல எந்தப் பயிற்சியிலும் கற்றுக்கொடுப்பதில்லை. மூத்த பெண்கள் சாப்பாட்டு மேசையில் புதுசாக வந்தவளுக்குச் சொல்லிக்கொடுப்பது இது.

விற்கப்படுகிற பொருளிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. விருந்தினர் வந்து இறங்கியதும் சந்தனம், குங்குமம், பானகம். சுவரில் சட்டம் போட்ட பத்தமடைப் பாய். மெனுவில் திருநெல்வேலி சொதி, இஞ்சித் துவையலோடு. சொதி சைவப் பிள்ளைமார் வீட்டுக் கல்யாணத்து மறுநாள் விருந்தில் வைக்கிற தேங்காய்ப்பால் குழம்பு. பரிமாறுகிற பெண்ணின் வீட்டில் அது ஒருநாளும் கொதித்திருக்காது, அந்த விருந்துப் பந்தியில் அவள் குடும்பத்துக்கு இலை விழுந்திருக்கவும் வாய்ப்பில்லை. ஆனால் "எங்க ஊர் ஸ்பெஷல் சார்" என்று பெருமையோடு விளக்குவது அவள்தான். முதல் மாதம் மனப்பாடமாகச் சொல்வாள். ஆறாவது மாதத்தில், தேங்காயின் முதல் பாலை எப்போது ஊற்ற வேண்டும் என்று சமையற்கட்டில் கேட்டுத் தெரிந்துகொண்டு வீட்டில் வைத்துப் பார்ப்பாள். ஊரின் ருசிகளில் எவை தனக்கு மறைக்கப்பட்டவை என்று ஒரு மெனு அட்டையில் படிப்பது விநோதமான கல்விதான்.

இனி, ஊரோடு நடக்கிற பேரம். பெரும்பாலும் நேரத்தைப் பற்றியது. ஓட்டல் தொழிலில் பிரேக் ஷிஃப்ட் என்று ஒன்று உண்டு. காலைச் சாப்பாட்டு நேரத்துக்கு நாலு மணி நேரம், ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்கு நாலு மணி நேரம், நடுவில் சும்மா. கணக்குக்கு எட்டு மணி நேர வேலை, உடம்புக்குப் பதினைந்து மணி நேரம். ராத்திரி பத்தரைக்கு வேலை முடிந்தால் குற்றாலத்திலிருந்து தென்காசிக்கு அஞ்சு கிலோமீட்டர்தான், ஆனால் அங்கிருந்து கடையத்துக்கோ ஆலங்குளத்துக்கோ எப்படிப் போவது? 2021 மே மாதம் முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இந்த வேலைக்குப் பெண்கள் வரத் துணிந்ததில் அந்த பஸ்ஸுக்குப் பங்கு உண்டு. மாதம் ஒரு கணிசமான தொகை மிச்சம், அப்பாவிடம் பஸ்ஸுக்குக் காசு கேட்கவும் வேண்டாம். ஆனால் கடைசி பஸ் போய்விட்டால் இலவசமும் போச்சு. "ராத்திரி எட்டு மணிக்கு மேல பொம்பளப்பிள்ளைக்கு அங்கன என்னட்டி வேலை?" என்ற கேள்விக்குப் பதில், கம்பெனி வேன் தெருமுனை வரை வருகிறதா என்பதைப் பொறுத்திருக்கிறது. கடைகளும் நிறுவனங்களும் 24 மணி நேரமும் இயங்கலாம் என்று தமிழக அரசு அனுமதித்த ஆணையே, இரவு 8 மணிக்கு மேல் பெண்களை வைத்துக்கொள்ள எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், பாதுகாப்பு வேண்டும், வண்டி வசதி வேண்டும் என்று சொல்கிறது. அந்த வேனை ஒழுங்காக அனுப்புகிற ரிசார்ட்டில் பெண்கள் நிலைக்கிறார்கள். அனுப்பாத இடத்தில் பூ, சேலையெல்லாம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆறு மாதத்துக்கு மேல் யாரும் இருப்பதில்லை. நிர்வாகங்கள் இதை "பொண்ணுங்க நிக்க மாட்டேங்கிறாங்க" என்று சொல்லும்.

பயத்தின் இன்னொரு பக்கம் வெளிப்படையாகப் பேசப்படுவதில்லை. குடித்த விருந்தினர், தேவையில்லாமல் அறைக்கு டீ கேட்பவர், பேட்ஜைப் படிப்பதுபோல் மார்பைப் பார்ப்பவர். 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். தலைவர் பெண்ணாகவும், உறுப்பினரில் பாதிப் பேராவது பெண்களாகவும், ஒருவர் வெளியாளாகவும் இருக்க வேண்டும். சிறிய விடுதி என்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். பலருக்குத் தெரியாத விஷயம், வேலையிடத்துக்கு வந்துபோகிற ஆட்களிடமிருந்தும் பாதுகாப்பது முதலாளியின் கடமை என்று அந்தச் சட்டமே சொல்கிறது. அதாவது விருந்தினர் செய்தாலும் புகார் புகார்தான். ஆனால் புகார் கொடுத்தால் முதலில் வீட்டுக்குத் தெரியும், வீட்டுக்குத் தெரிந்தால் வேலையை நிறுத்துவார்கள். அதனால் பெண்கள் தங்களுக்குள்ளேயே வழி வைத்திருக்கிறார்கள்: குறிப்பிட்ட அறைக்கு இரண்டு பேராகப் போவது, அல்லது ஆண் பையனை அனுப்புவது. இந்த ஏற்பாடு ஓடுகிறவரை நிர்வாகம் "எங்ககிட்ட ஒரு புகார்கூட வந்ததில்ல" என்று சொல்லிக்கொள்ளும். எனக்கு அந்த வாக்கியத்தைக் கேட்டாலே சந்தேகம் வந்துவிடும்.

சம்பளச் சீட்டுக்கு வருவோம். 12,000 ரூபாய் அடிப்படைச் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். பி.எஃப். 12 சதவீதம், 1,440. இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டுக்கு 0.75 சதவீதம், 90. கையில் 10,470. "பன்னிரண்டுன்னு சொன்னாங்க, பத்துதான் வந்திருக்கு" என்று முதல் மாதம் வீட்டில் ஒரு சண்டை நடக்கும். பிடித்தது எங்கே போகிறது என்று விளக்க வேண்டியவள் அவள்தான், ஆகவே அவள் அதைப் படிக்க வேண்டியிருக்கிறது. முதலாளியும் அதே 12 சதவீதம் தன் கையிலிருந்து போட வேண்டும், அதையும் தொழிலாளி சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் அம்மா, அப்பா வைத்தியமும் பார்க்கலாம், பின்னால் பிரசவ விடுப்புக்கு 26 வாரச் சம்பளமும் உண்டு. பி.எஃப். கணக்குக்கு யு.ஏ.என். என்று பன்னிரண்டு இலக்க எண் வரும். வேலை மாறினாலும் எண் மாறாது. அந்த எண் அவள் பெயரில், அவள் ஆதாரில், அவள் போனில் இருக்கிறது. அம்மாவின் பீடிப் பாஸ் புக்கில் கரைந்துபோன தன் கைவேலையை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று அவளுக்கே தெரியும். சீசனுக்கு மட்டும் ஆள் எடுக்கும் இடங்களில் இதெல்லாம் எதுவும் இல்லை. மூன்று மாதம் கையில் காசு, புரட்டாசி பிறந்ததும் "சொல்லி அனுப்புறோம்மா".

டிப்ஸ் தனிக் கதை. ஓட்டல் பில்லில் சர்வீஸ் சார்ஜைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் சொன்னது, டெல்லி உயர்நீதிமன்றமும் 2025-இல் அதை உறுதி செய்தது. நுகர்வோருக்கு நல்லதுதான். ஆனால் பரிமாறுகிறவருக்கு மேசையில் வைக்கிற ரூபாய் அவருக்குப் போகும், அறையைக் கழுவுகிறவளுக்குப் பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சாது. அவளை விருந்தினர் பார்ப்பதே இல்லையே. காசை விட்டுப்போக நினைப்பவர்கள் தலையணை மேல் வைத்துவிட்டுப் போகலாம். மேசையில் வைத்தால் மறந்து விட்டதோ என்று ரிஜிஸ்டருக்குத்தான் போகும்.

இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் கல்யாணப் பேச்சு வந்துவிடும். மாப்பிள்ளை வீட்டார் கேட்பது சம்பளத்தை அல்ல. "நைட் ஷிஃப்ட் உண்டா?" என்றுதான். சிலர் பி.எஃப். பணத்தை எடுத்து நகைக்குப் போட்டுவிட்டு நின்றுவிடுகிறார்கள், அது அந்தப் பழைய மூன்று வருஷத் திட்டம் வேறு வேஷத்தில் வந்தது மாதிரிதான். சிலர் அதற்கு முன்பே கொச்சிக்கோ பெங்களூருக்கோ போய்விடுகிறார்கள். குற்றாலத்தில் இரண்டு சீசன் தாக்குப்பிடித்தவளுக்கு மலையாளமும் ஓட்டை இந்தியும் வந்திருக்கும், கூட்டத்தைச் சமாளிக்கவும் தெரிந்திருக்கும். ஆனால் கீழ்மட்டத்தில் சேர்ந்தவள் சூப்பர்வைசருக்கு மேல் ஏறுவது கடினம், அங்கே பட்டம் கேட்பார்கள். சென்னை தரமணி ஹோட்டல் மேலாண்மை நிறுவனத்தில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்கள் தாட்கோ என்கிற அரசுக் கழகம் மூலம் படிக்க வழி இருக்கிறது. பிளஸ் டூ முடித்து நேராக ரிசார்ட்டுக்கு வருகிற பெண்ணிடம் அதை யாராவது அப்போதே சொல்ல வேண்டும். பெரும்பாலும் சொல்வதில்லை.

கல்யாணத்துக்குப் பிறகும் தொடர்கிறவர்கள் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். கணவர் ஊர் தென்காசிக்கு இந்தப் பக்கம் இருந்து, மாமியார் குழந்தையைப் பார்த்துக்கொண்டால், காலை ஷிஃப்ட் மட்டும் என்று பேசி வருகிறார்கள். புதிதாகச் சேருகிற பிள்ளைகளைப் பழக்குவது இவர்கள்தான். வேலை தேடி இவர்கள் வரும்போது கேட்கிற கேள்விகளின் வரிசையே மாறியிருக்கும்: சீசனுக்கு மட்டுமா, வருஷம் முழுக்கவா, பி.எஃப். உண்டா; வேன் எது வரைக்கும் வரும்; சாப்பாட்டுக்குப் பிடிப்பீங்களா. சீருடை என்ன நிறம் என்று இருபது வயதில் கேட்டது இவர்கள்தான்.